வெளியேறிய தேதி

அலுவலகத்தில் அவளுக்கு 'வடிகட்டி' என்று பெயர். பழைய கணினிகளில் கெட்டுக் கிடக்கும் கோப்புகளைச் சரிசெய்து, வேண்டிய பதிவுகளை மட்டும் சலித்தெடுத்துத் தருவது அவள் வேலை. கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளுக்கென்று ஒரே ஒரு விதி: தெரியாததை நிரப்பாதே. காலியான கட்டம் காலியாகவே கிடக்கட்டும்.

மூடிப்போன ஆஸ்பத்திரியின் பதிவறைக்குப் போகச் சொன்னபோது அவள் மாட்டேன் என்றிருக்கலாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன், அவளுடைய பன்னிரண்டாவது வயதில், அப்பாவை அங்கேதான் சேர்த்தார்கள். நான்காம் நாள் காலையில் கட்டில் காலி. அவராக எழுந்து போய்விட்டார் என்றார்கள். போனவர் வீடு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து அம்மா வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. திருடன் வந்தாலும் வரட்டும், அவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பாள். ராத்திரி முழுக்க அந்தக் கதவுக்குக் காவலும் அவளேதான். ஒரு தேதி கிடைத்தால் அம்மா தூங்குவாள் என்றுதான் மகள் கிளம்பினாள்.

"பத்து வருஷமா இதுக்குக் கரண்டே இல்லம்மா. திங்கக்கிழமைதான் பிளக்கைச் சொருகினேன்," என்றார் காவலாளி, கணினியைத் தொடாமல் எட்டி நின்றே. "சாவி என் இடுப்ப விட்டு இறங்கினதில்ல. இந்த ரூமுக்கு எலிகூட வராது. எலிக்கே பிடிக்கலன்னா பாத்துக்குங்க."

கோப்பு படுமோசமாக இருந்தது. ஒருவர் பெயர் இன்னொருவர் கட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்தது, பாதி எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தன. இரண்டு நாள் மல்லுக்கட்டி அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் காலை, வெளியேறிய தேதி இல்லாதவர்களை மட்டும் வடிகட்டினாள். மூடிய ஆஸ்பத்திரிக்குள் யார் இருக்க முடியும்? இருபத்தாறு பேர் இருந்தார்கள். காவலாளி பழைய பேரேடுகளைப் புரட்டி வாசிக்க, அதில் இருந்த தேதிகளை மட்டும் அவள் ஏற்றினாள். நண்பகலில் ஒருவர்தான் மிச்சம்.

அப்பா.

காவலாளி சாப்பிடப் போனார். அவளுக்குப் பசியில்லை. உணவுக் கோப்பைத் திறந்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு எந்த நாளோடு நின்றதோ அதுதானே அவர் போன நாள்? சாப்பாடு நிற்கவே இல்லை. வருஷக்கணக்காக, மூன்று வேளையும், இன்று காலை வரைக்கும் ஓடியிருந்தது.

அவள் பதறவில்லை. வெளியேறாத நோயாளிக்கு வேளைக்கு ஒரு வரி தானாக எழுதும் புரோகிராம் அது. கணினியை வருஷக்கணக்கில் அணைத்து வைத்து மறுபடி போட்டாலும் விட்டுப்போன நாட்களையெல்லாம் நிரப்பிக்கொள்ளும். அதற்கு அவ்வளவுதான் புத்தி.

ஆனால் கடைசிக் கட்டம் அப்படியில்லை. நோயாளியைக் கேட்டு நர்ஸ் கையால் அடிக்க வேண்டிய எண் அது. திரையின் ஓரத்தில் பழுப்பேறிய சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது: 1 முழுதும் சாப்பிட்டார், 2 பாதி சாப்பிட்டார், 3 தொடவில்லை, 4 உப்பு போதவில்லை என்றார்.

நான்கு. நான்கு. நான்கு. கண்ணுக்கு எட்டிய வரை நான்கு.

வீட்டிலும் அப்பாவுக்கு அந்த ஒரு குறைதான். அம்மா எவ்வளவு போட்டாலும் உப்பு பத்தாது.

மணி பன்னிரண்டரை. இன்றைய மதியச் சாப்பாட்டு வரி வந்து விழுந்தது. கடைசிக் கட்டம் காலி. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள். கொஞ்ச நேரம், ஒருவர் நிதானமாக மென்று முடிக்கும் அளவு நேரம் கழித்து, அங்கே நான்கு வந்தது.

பயமாக இருந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள். உப்புக் கதையைச் சொல்லவில்லை.

"அம்மா, அப்பாவோட பதிவு கிடைச்சிருச்சு. போன தேதி மட்டும் இல்ல."

"அப்ப இன்னும் அங்கதான் இருக்காரு."

"அது கம்ப்யூட்டர்லம்மா. நாலு மணிக்கு எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டு இதை அழிச்சிடுவாங்க. தேதி இல்லாதத அது எடுக்காது."

"எதுல இருந்தா என்னடி? அவர விட்டுட்டு வந்துடாத."

வெளியேறிய விதத்துக்கு மூன்று விடைகள் இருந்தன: வீடு திரும்பினார், சொல்லாமல் போனார், இறந்தார். எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் விதிப்படி அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றே முக்கால் வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்றைய தேதியை அடித்தாள். வீடு திரும்பினார். யாருடன்? மகளுடன்.

திரும்ப வடிகட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அவள் பக்கத்து இருக்கை மட்டும் காலி. உட்கார வந்த ஒரு அம்மாள், "ஓ, ஆள் இருக்காங்களா," என்று நகர்ந்துகொண்டாள். மகள் அந்த இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியதும் அம்மாவின் மாத்திரைக்காக மருந்துக் கடையில் பத்து நிமிஷம் நின்றாள்.

வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினாள். அம்மா வந்து திறந்தாள். எந்நேரமும் வாசலையே பார்க்கும் கண்கள் இன்று வாசலைப் பார்க்கவில்லை.

"என்னம்மா, புதுசா தாழ்ப்பாள்?"

"இனிமே நீ ஒருத்திதான் வரணும், நீ தட்டுவேல்ல," என்று அம்மா மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டாள். "கை கழுவிட்டு அந்த உப்பு ஜாடிய எடுத்துட்டு வா. வந்து உக்காரல, அதுக்குள்ள பத்தலங்கறாரு."