மூன்று வாய்களும் ஒரு சட்டியும்

அந்த வீட்டின் மூன்று பேர் வெளியில் எதை வாங்கிச் சாப்பிட்டாலும் அது வாய்க்குள் போனதும் வீட்டுச் சமையலாக மாறிவிடுகிறது என்பது, மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்குத் தெரியவந்தது. அன்று வெயில் சுமார்தான். கடைத்தெரு ஓட்டலில் வறுத்த மீனை விண்டு வாயில் போட்ட குடும்பத் தலைவர், தான் மென்றுகொண்டிருப்பது வேகவைத்த சுரைக்காய் என்பதை உணர்ந்தார். தட்டில் கிடந்தது மீன்தான். விரலில் முள்கூடக் குத்தியது. உதட்டைத் தாண்டியதும் சுரைக்காய். எதிரே உட்கார்ந்திருந்த மகள் கோழிக்காலைக் கடித்த வாயோடு அப்படியே உறைந்துபோனாள். பக்கத்தில் அவருடைய தம்பி ஐஸ்கிரீமில் கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்துப் பார்த்தார், சில்லென்ற சுரைக்காய். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காலை ஆறரை மணிக்கு வீட்டு அடுப்பில் வெந்தது, அவர்கள் மூடியைத் திறந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட அதே சுரைக்காய்தான்.

அதைச் சமைத்தவள் அந்த நேரத்தில் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிப்ட்டுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏழாம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளை அங்கே எல்லோரும் லிப்ட்டம்மா என்பார்கள். ஒரு நாளில் நூறு தடவை உச்சிக்குப் போனாலும் சாயங்காலம் தரைத்தளத்தில் கொண்டுவந்து விடுகிற உத்தியோகம் அது. இருபத்தோரு வருடமாக அதைச் செய்துவந்தாள். கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். மகள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். கணவரின் தம்பி கல்யாணம் செய்துகொள்ளாமல், பத்தொன்பது வருடத்துக்கு முன் வந்து அவர்களோடே தங்கிவிட்டவர். தேயிலைக் கம்பெனியில் டீயைச் சுவைத்துத் தரம் சொல்கிற வேலை. அவருக்கு ஊரில் நாக்கு என்றே பெயர். அவரும் அதை ஒரு பட்டம் போலவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

லிப்ட்டம்மாவின் சமையல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். வரைபடக்காரருக்குக் காரம் ஆகாது. மகளுக்கு எண்ணெய் ஆகாது, முகத்தில் பரு வந்துவிடும். நாக்குக்கு வெங்காயம், பூண்டு, மிளகு மூன்றும் ஆகாது, தொழில் கெட்டுவிடும். உப்பு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒற்றுமையாகக் கொஞ்சமாகப் போடச் சொல்லியிருந்தார்கள். இந்த மூன்று பேரும் கழித்தது போக மிஞ்சியதை அவள் பத்தொன்பது வருடமாக வேகவைத்து இறக்கினாள். அதைத் தின்றுவிட்டு அவளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வரைபடக்காரர் பிடிக்காததையெல்லாம் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி எல்லைக்கோடு மாதிரி நேர்த்தியாக வரிசை கட்டிவைப்பார். மகள் சாப்பிட உட்காரும்போதே "இன்னிக்கு என்ன தண்டனை?" என்பாள். நாக்கு கம்பெனியிலிருந்து ஒரு பித்தளைத் துப்பல் பாத்திரத்தைக் கொண்டுவந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒவ்வொரு பதார்த்தத்தையும் சர்ரென்று உறிஞ்சி, கண்ணை மூடி, வாய்க்குள் இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு, அந்தப் பாத்திரத்தில் துப்பிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார். பாத்திரத்தைக் கழுவுவதும் லிப்ட்டம்மாதான். எல்லோரும் எழுந்துபோன பிறகு, சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைப்பாள்.

அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை சாயங்காலம் மூவரும் கூடிப் பேசி, நாளை மதியத்திலிருந்து மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு என்று முடிவெடுத்தார்கள். நாக்கு அதை அவளிடம் வந்து பெரிய மனது பண்ணித் தெரிவித்தார். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்களுக்கும் வேலை மிச்சம்." அவள் தப்பாகவோ சரியாகவோ நினைத்ததாக வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, பழக்கதோஷத்தில் அதே சுரைக்காயை அதே அளவில் வேகவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதலில் ஓட்டல்காரனைத்தான் சந்தேகப்பட்டார்கள். அடுத்த ஓட்டலுக்குப் போனார்கள். அங்கேயும் அதுவே. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் அவர்கள் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்து, அருமையான மீன் என்று சொல்லி இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். மறுநாள் ரயிலேறி இரண்டு மணி நேரம் போய், யாருக்கும் அவர்களைத் தெரியாத ஊரில் ஆளுக்கொரு தட்டு வாங்கினார்கள். அன்று வீட்டில் வெந்த அவரைக்காய் அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூவரையும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதிகமாக அடிபட்டவர் நாக்குதான். ஓட்டலில் சாப்பிட முடியாதவன் பட்டினி கிடக்கலாம். டீயைச் சுவைக்க முடியாத டீ சுவைஞன் என்ன செய்வான்? வெள்ளைக் கோப்பைகள் நாற்பது வரிசையாக வைத்திருந்த நீளமான அறையில், மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றாக உறிஞ்சினார். நாற்பதும் அன்று வீட்டில் வெந்த கிழங்கு. மலை உச்சியில் பறித்த கொழுந்தும் கிழங்கு, தரையில் கூட்டி அள்ளிய தூளும் கிழங்கு. மூன்று நாள் சமாளித்துப் பார்த்தார். நான்காம் நாள் கைதவறி, உயர்ரகத் தேயிலை ஒன்றுக்கு எதிரே "இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அவரைத் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூவரும் லிப்ட்டம்மாவைச் சூழ்ந்துகொண்டு, என்ன மருந்து வைத்தாய் என்று கேட்டார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்றே நினைத்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் சும்மா இருக்காமல் சட்டியில் ஒரே ஒரு கிராம்பைத் தட்டிப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் விழுந்த முதல் கிராம்பு. சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, "கிராம்பு எதுக்கும்மா போட்ட? மத்தியானம் கேக் தின்னேன், வாயெல்லாம் காரம்," என்று கத்தினாள். அப்போதுதான் லிப்ட்டம்மாவுக்கு விளங்கியது. பிறகு கழுவிக்கொண்டிருந்த துப்பல் பாத்திரத்தைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் புரிந்ததும் அவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர்கள் பட்டியல் எழுதினார்கள். ஓட்டலின் மின்விசிறி, பளிங்கு மேஜை, பரிமாறுகிறவனின் சலாம் இவையெல்லாம் வேண்டும். வாய்க்குள் வருவதும் ருசியாக இருக்க வேண்டும். ஆகவே நாளை முதல் இன்னின்னதைச் சமைக்கவும் என்று மூன்று தாள்கள். ஒன்றில் எழுதியதை இன்னொன்று அடித்தது. மீனை வறுக்கச் சொன்ன வரியும், எண்ணெயே கூடாது என்ற வரியும் அவள் கையில் அருகருகே இருந்தன. அவள் மூன்று தாளையும் நிதானமாகப் படித்தாள். அந்த மூன்று கையெழுத்தையும் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு இவர்கள் லாயக்கில்லை என்று தோன்றியது. தெரிந்திருந்தால் இதை முதல் வருடமே நினைத்திருக்கலாமே என்றும் தோன்றியது. மறுநாள் காலை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

அன்று மதியம் மூவரும் ஓட்டலில் உட்கார்ந்து வாய் நிறைய அள்ளிப் போட்டுக் கடித்தபோது, பல்லோடு பல் மோதியது. உள்ளே ஒன்றுமில்லை. உதட்டைத் தாண்டியதும் ரொட்டி காணாமல் போயிற்று. முட்டை காணாமல் போயிற்று. தண்ணீர் மட்டும் தண்ணீராக இறங்கியது. தாங்களே சமைத்துப் பார்த்தார்கள். வரைபடக்காரர் அளவுகோல் வைத்துக் கிழங்கு நறுக்கினார். அதுவும் வாயில் நிற்கவில்லை. மூன்று நாள் தட்டு தட்டாகக் காற்றை மென்று விழுங்கி ஏப்பம் விட்டார்கள். லிப்ட்டம்மா அலுவலக உணவகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்கு மட்டும் எல்லாம் அதனதன் ருசியில் இருந்தது.

நான்காம் நாள் காலை வரைபடக்காரர் மனைவியின் லிப்ட்டில் ஏறினார். அவள் வேலை செய்கிற கட்டடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே கோப்புக் கட்டோடு இரண்டு குமாஸ்தாக்களும் ஒரு தபால்காரரும் நின்றிருந்தார்கள்.

"எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

"நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"மாடி சொல்லுங்க. சும்மா நிக்கக் கூடாது."

"ஒன்பது," என்றார். லிப்ட் கிளம்பியது. மூன்றாம் மாடிவரை தொண்டையைச் செருமினார். "இங்க பாரு, கொழந்தை மயக்கம் போட்டு விழுந்துட்டா. கடையில, ஒரு வாடிக்கையாளர் கால்மேலயே."

"கொழந்தைக்கு இருபத்தி நாலு வயசு. அஞ்சாவது மாடி, இறங்கறவங்க இறங்கலாம்."

தபால்காரர் இறங்க வேண்டிய மாடி அது. அவர் இறங்கவில்லை.

"ஏதாவது ஒண்ணு வேகவை. பழைய மாதிரியே இருக்கட்டும். நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

"பேசினா என்ன, பேசாட்டி என்ன? பத்தொன்பது வருஷம் நீங்க வேணாம்னு சொன்னதையெல்லாம் எடுத்துட்டு, மிச்சத்த வேகவச்சுப் போட்டேன். நீங்க தின்னது என் சமையல் இல்ல. உங்க மூணு பேரோட சமையல். அதத்தான் நீங்க துப்பினீங்க."

குமாஸ்தாக்களில் ஒருவர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது, மூடியது. யாரும் இறங்கவில்லை, லிப்ட் கீழே இறங்கத் தொடங்கியது.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார் வரைபடக்காரர்.

"உங்கள ஒண்ணும் பண்ணச் சொல்லல. நாளையிலருந்து நான் சமைப்பேன். எனக்கு. எனக்குப் பிடிச்சதை. என் மேஜைக்கு யாரும் வரக் கூடாது. உங்க வாய்ல என்ன வந்து விழுதோ அதைத் தின்னுங்க."

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்றார் அவர். கேட்ட பிறகுதான், இதை இதுவரை கேட்டதில்லை என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. தரைத்தளம் வந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டு, "இறங்குங்க. ஆளுங்க காத்திருக்காங்க," என்றாள். தபால்காரர் மட்டும் மறுபடி ஐந்தாம் மாடிக்குப் போனார்.

அவளுக்குப் பிடித்தது காரமும் கசப்பும். மறுநாள் விடியற்காலையில் முழுப் பூண்டு ஒன்றை உரித்து, மிளகைக் கரகரப்பாகப் பொடித்து, கசப்புக் கீரையை எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கினாள். உப்பைக் கையால் அள்ளிப் போட்டாள். சின்னச் சட்டிதான், ஒரு ஆளுக்கு. ஜன்னலோரம் மேஜையில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு கொஞ்சம் கூடுதல். அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி, ஓட்டலில் ரொட்டியைக் கடித்த மூவரும் குபீரென்று எழுந்து நின்று தண்ணீர் தண்ணீர் என்று அலறினார்கள். அலறினாலும் தின்றார்கள். நான்கு நாள் பட்டினி. வரைபடக்காரருக்கு விக்கல் எடுத்தது. மகளுக்கு வரும் என்று பயந்த பரு வரவில்லை. நாக்குக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அவர்தான் முதலில் தட்டைக் காலி செய்தார்.

பிறகு வருடங்கள் போயின. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஒரே தட்டில் புருஷன் ஒன்றைத் தின்றான், அவள் அம்மாவின் கீரையைத் தின்றாள். ஆறாம் வருடம் ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, இன்னிக்கு ரொம்ப நல்லாயிருந்துச்சும்மா," என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உன்னை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு லிப்ட்டம்மா போனை வைத்துவிட்டாள். நாக்கு ஒரு தடவை கம்பெனித் தாளில் 'முதல் தரம்' என்று எழுதி, தேதியிட்டு, அடுப்படிக் கதவுக்கு அடியில் தள்ளினார். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய நேரம் அது. பிரிமணையைத் தேடிக்கொண்டிருந்தவள் அந்தத் தாளை மேஜையில் விரித்து அதன்மேல் சட்டியை வைத்தாள். வரைபடக்காரர் ஓய்வு பெற்ற பிறகும் வேளை தவறாமல் தம்பியோடு ஓட்டலுக்குப் போய் வந்தார். எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்பதால் இருவரும் வெறும் ரொட்டியே வாங்கினார்கள். பரிமாறுகிறவன் அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டான். இன்றைக்கு என்ன வந்தது என்றுதான் கேட்பான். மிளகு, பூண்டு என்று அவர்கள் வானிலை சொல்வது போலச் சொல்வார்கள். தெருவில் யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் லிப்ட்டம்மா சமைப்பதில்லை. தலையை வாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அதே ஓட்டலுக்குத் தனியாக வந்து, விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வறுத்த மீன் கொண்டுவரச் சொல்வாள். மீன் மீனாகவே இருக்கும். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் போட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிடுவாள். புதிதாகக் கல்லாவுக்கு வந்த பெண் ஒருத்தி ஒரு ஞாயிறு அவளிடம், "வீட்டுல யாரும் வரலீங்களா?" என்று விசாரித்தாள்.

"அவங்க வாய்க்கு இன்னிக்கு லீவு," என்றாள் லிப்ட்டம்மா. இன்னொரு துண்டு மீன் கொண்டுவரச் சொன்னாள்.