கொடின்னா எந்தக் கொடி

எனக்குக் கோவம் சட்டுனு வரும். முதல்லயே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனா அந்தத் தையல் மிஷின் விசயத்துல என்னைக் காப்பாத்தினது என் கோவம்தான்.

மலாக்காவுல, காஜா பேராங்ல எங்களுது பலகை வீடு, தகரக் கூரை, வாடகைக்குத்தான். வாசல்ல ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண்ணு. என் வீட்டுக்காரர் தேவதாஸ் மராமத்து இலாகாவுல பெயிண்டர். டின்னு அடியில மிஞ்சுற பெயிண்ட்டை அவரு கொண்டாருவாரு. பழைய சாமானை நான் கொண்டாருவேன். அம்பத்தேழாம் வருசம் மலாயாவுக்குச் சுதந்திரம் வரப் போகுதுன்னு துரைமாருங்க மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்களா, பங்களாவுக்குப் பங்களா ஏலம். நல்ல சாமானை எல்லாம் பெரிய ஆளுங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. யாரும் சீந்தாததை நான் எடுப்பேன். விரிசல் விட்ட சூப்பு சட்டியில கருவேப்பிலை வெச்சேன். கிழிஞ்ச திரைச்சீலை எங்க வீட்ல தலகாணி உறை ஆச்சு. துருப்பிடிச்ச இரும்புக் கட்டில் ஒண்ணு வந்துச்சு. அதைப் பக்கவாட்டுல நிமித்தி வாசல்ல நட்டு, நீலப் பெயிண்ட் அடிச்சு, வேலியாக்கிட்டேன். அது மேல ரங்கூன் மல்லி படர்ந்து கிடந்துச்சு.

எல்லாம் இருந்துச்சு, தையல் மிஷின் மட்டும் இல்ல. அது ஒண்ணுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. எங்க வீட்டுக்காரரோட அக்கா பூங்காவனம் அண்ணி, பெண்டஹாரா ரோட்டுல துணிக்கடைக்கு மேலேயே குடியிருக்காங்க. அவங்ககிட்ட கால் மிஷின் ஒண்ணு இருக்கு. நீளமா ஏதாவது தைக்கணும்னா அங்கதான் போகணும். போனா உடனே உக்காரவா விடுவாங்க? பின்கட்டுல நிக்கணும். "ஊசிய உடைச்சிடாதடி"ம்பாங்க. ஒரு தடவை கடையில நாலு பேரு இருக்குறப்போ என் துணியை ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சு, "இது எந்தத் துரை வீட்டு ஜன்னல், சந்திரமதி?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கம் இல்ல, அவ்வளவு ஆத்திரம்.

இப்படி இருக்குறப்போதான், ஜூன் மாசம், கலியாணசுந்தரம் சைக்கிள்ல வந்தாரு. எங்க வட்டாரச் சுதந்திர விழாக் குழுவுல தமிழுக்கு அவருதான் காரியதரிசி. தகரக் குழாயை வாயில வெச்சுக்கிட்டு மேடைப் பேச்சு மாதிரியே அறிவிப்பு சொன்னாரு. "இல்லந்தோறும் கொடி அலங்காரம் செய்திடுவீர். சிறந்த கொடி அலங்காரத்திற்குத் தையல் இயந்திரம் முதற்பரிசு." மளிகைக்கடைச் சுவத்துலயும் அதையே எழுதி ஒட்டிட்டுப் போனாரு.

தையல் இயந்திரம்னு காதுல விழுந்ததும் எனக்குக் கை காலெல்லாம் பரபரன்னு ஆயிடுச்சு. கொடி அலங்காரமாமே, இந்த ரோட்டுல என்னை விட்டா யாரு கொடி வளக்குறா?

இங்க ஒரு விசயம் சொல்லணும். காத்துல பறக்குற துணிக்கு நாங்க மலாக்காவுல பெண்டேரான்னுதான் சொல்லுவோம். பள்ளிக்கூடத்துல பெண்டேரா, போலீஸ் ஸ்டேஷன்ல பெண்டேரா. மலாய்க்காரங்க சொல்லிச் சொல்லி நமக்கும் அதுவே வாயில வந்துடுச்சு. என் வாயில கொடின்னா பந்தல்ல ஏறுறது, இல்லாட்டி துணி காயப் போடுறது. வேற அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. கொடி அலங்காரம்னு அவரு சொன்னதும் நானும் கொடி ஏத்த ஆரம்பிச்சிட்டேன்.

ரெண்டு மாசம் அந்தச் செடிங்களுக்கு நான் செஞ்ச சீராட்டை என் மாமியாருக்குக்கூடச் செஞ்சதில்ல. பாசார்ல இருந்து வந்த மீன் கழுவின தண்ணி, அரிசி கழுவின தண்ணி, காஞ்ச சாணம். கட்டிலோட இடது மூலையில சங்குப்பூ விதை போட்டேன். அது நீலமா பூத்துச்சு. ரங்கூன் மல்லி கொத்துக் கொத்தா தொங்குச்சு. அந்தப் பூவோட குணம் தெரியுமில்ல? சாயங்காலம் விரியுறப்போ வெள்ளை. மறுநாள் ரோஸ். அதுக்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்துல மூணு நிறமும் இருக்கும்.

போட்டிக்கு நாலு நாள் இருக்குறப்போ பக்கத்து வீட்டு பஷீரா வேலி மேல எட்டிப் பாத்தா. அவ வீட்டு வாசல்ல காகிதப் பெண்டேராத் தோரணம் தொங்குது.

"ஏன் மதி, நீ இன்னும் பெண்டேரா கட்டலையா?"

"எதுக்கு?"

"போட்டிக்குத்தான். மலாய் நோட்டீஸ்ல போட்டிருக்கே, பெண்டேரா அலங்காரம்னு. தமிழ்லயும் அதானே சொன்னாங்க."

நான் ரோட்டைப் பாத்தேன். வீட்டுக்கு வீடு சிவப்பும் வெள்ளையுமா தொங்குது. ரெண்டு மாசமா தலையைக் குனிஞ்சு சாணம் கரைச்சுக்கிட்டு இருந்தவளுக்கு அப்பத்தான் விளங்குச்சு. உள்ள போயி அடுப்படியில உக்காந்துட்டேன். சாயங்காலம் வந்தவரு என்னன்னு கேட்டாரு. சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, என் மூஞ்சியைப் பாத்து முழுங்கிட்டாரு.

மறுநாளே பெண்டஹாரா ரோட்டுக்கு ஓடினேன். சிவப்புத் துணி ஒரு கடையிலயும் இல்ல, எல்லாம் வித்துத் தீந்துடுச்சு. வேற வழியில்லாம அண்ணி கடைக்கே போயி, பழைய துணியை ஒட்டுப் போட்டாவது ஒரு பெண்டேரா தைக்கிறேன், மிஷினைக் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன். என்ன ஏதுன்னு கேட்டாங்க. உண்மையைச் சொல்லித் தொலைச்சிட்டேன்.

அண்ணி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கடைக்கு வந்தவங்களையும் கூப்பிட்டுச் சொன்னாங்க. "கொடிக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியல, இவளுக்கு மிஷின் பரிசாம். போயி கத்தரிக்காய்ப் போட்டி எங்கயாவது நடந்தா சேந்துக்கடி."

இன்னும் ஒரு நிமிசம் நின்னிருந்தா அன்னைக்கு அந்தக் கடையில ஒரு துணி கிழியாம மிஞ்சியிருக்காது. விடுவிடுன்னு வீடு வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் வாய்க்குள்ளயே அவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு வந்தேன். வந்தவ வாசல்ல நின்னு கட்டிலைப் பாத்தேன். வெள்ளை இருக்கு. சிவப்பு இருக்கு. இடது மூலையில நீலம் இருக்கு. இனி என்ன வேணும்? பெண்டேராதானே வேணும், இந்தக் கொடியிலயே பெண்டேரா வரைஞ்சு காட்டுறேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பெண்டேராவுல சிவப்பும் வெள்ளையுமா பதினோரு கோடு, நீல மூலையில ஒரு பிறையும் பதினோரு முனை நட்சத்திரமும். கட்டில்ல நீளவாட்டுல ஓடுற இரும்புப் பட்டையை எண்ணினேன், ஒன்பது. கொல்லையில துணி காயப் போடுற கயித்துல ரெண்டு துண்டு அறுத்து மேலயும் கீழயும் இழுத்துக் கட்டினேன், பதினொண்ணு ஆச்சு. மிச்சக் கயிறு கொல்லைக்கு எட்டல. அதை வாசல் பக்கமே கட்டித் துணியைப் போட்டேன். பிறையும் நட்சத்திரமும் பிஸ்கட் டின் மூடியில அவரு வெட்டிக் குடுத்தாரு. மொத நட்சத்திரத்துக்குப் பத்து முனைதான் வந்துச்சு. ரெண்டாவதுக்குப் பன்னெண்டு. மூணாவது மூடியிலதான் பதினொண்ணு சரியா விழுந்துச்சு. இலாகா மஞ்சப் பெயிண்ட்டை அடிச்சு நீல மூலையில மாட்டினோம்.

போட்டி ஆகஸ்ட் முப்பதாம் தேதி, காலையில ஒன்பது மணி. விடிஞ்சும் விடியாததுமா நான் ஸ்டூல் மேல ஏறிட்டேன். சிவப்பு வரிசையில இருக்குற வெள்ளையைக் கிள்ளணும். வெள்ளை வரிசையில இருக்குற சிவப்பைக் கிள்ளணும். ரோஸ் எங்க இருந்தாலும் கிள்ளணும். குறையுற இடத்துல கொல்லைப் பக்கத்துக் கொத்தை வாழை நாருல தொடுத்துக் கட்டணும். பூத்தொடுக்கக் கத்துக்கிட்ட கை, சும்மா விடுமா? அவரு கீழ நின்னு, "இங்க ஒரு வெள்ளை, அங்க ஒரு சிவப்பு"ன்னு காட்டிக்கிட்டே இருந்தாரு. மூலையைத் தாண்டி வந்ததால கிள்ளின சங்குப்பூவை வீணாக்க மனசில்லாம, நடுவுல அடுப்படிக்கு ஓடிச் சாறு எடுத்து மாவுல ஊத்தி இடியாப்பம் அவிச்சேன். நீலமா வந்துச்சு.

எட்டரைக்கு இறங்கிக் கீழ வந்து ரோட்டுல நின்னு பாத்தேன். என் வாசல்ல ஒரு பெண்டேரா, ஆறடி நீளம், உயிரோட. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

நடுவருங்க மூணு பேரு. மலாய்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு சிக்கு ரம்லி, மலாய் பேசுற சீன வீட்டு நோன்யா அம்மா ஒருத்தங்க, நம்ம கலியாணசுந்தரம். சிக்கு வாசல்லயே நின்னுட்டாரு. நோன்யா அம்மா சங்குப்பூவைத் தொட்டுப் பாத்து, இதைப் போட்டுத்தானே நாங்க பலகாரம் பண்ணுறோம்னு மலாய்ல சொன்னாங்க. கலியாணசுந்தரம் மட்டும் உதட்டைப் பிதுக்கினாரு.

"அம்மா, இது செடி. போட்டி கொடிக்கு. விதிமுறைப்படி இதை எடுத்துக்கொள்ள இயலாது."

வந்துச்சே எனக்குக் கோவம். "அண்ணே, என்ன போட்டின்னு நீங்க எழுதி ஒட்டினீங்க? மளிகைக்கடைச் சுவத்துல இன்னும் இருக்கு. பெண்டேரான்னா எழுதினீங்க?"

"கொடி என்று எழுதினேன். தூய தமிழ்."

"அப்ப இது என்ன?" ரங்கூன் மல்லித் தண்டைப் பிடிச்சு ஆட்டினேன். "இதுக்குத் தூய தமிழ்ல என்ன பேரு, சொல்லுங்க."

என்ன தகராறுன்னு சிக்கு கேட்டாரு. கலியாணசுந்தரம் மலாய்ல விளக்க ஆரம்பிச்சாரு. தமிழ்ல பெண்டேராவுக்கும் கொடின்னுதான் பேரு, படர்ற செடிக்கும் அதேதான்னு சொன்னாரு. மனுசன் அத்தோட நிறுத்தியிருக்கலாம். தமிழோட பெருமையை முழுசா சொல்லணும்னு, துணி காயப் போடுற கயித்துக்கும் கொடின்னுதான் பேருன்னு சேத்துச் சொல்லிட்டாரு.

மூணு பேரு தலையும் ஒண்ணா திரும்புச்சு. அவசரத்துல நான் எடுக்க மறந்த துணி, என் வீட்டுக்காரரோட ரெண்டு கைலியும் ஒரு பனியனும், பெண்டேராவுக்குப் பக்கத்துல ஆடிக்கிட்டு இருக்கு. அவரு வீட்டுக்குள்ள ஓடிட்டாரு. எனக்கு அந்த நிமிசம் வெக்கமே வரல. "பாத்துக்கங்க சிக்கு," அப்படின்னு மலாய்லயே சொன்னேன். "மூணும் என் வீட்ல இருக்கு. வேற எந்த வீட்டுலயாவது ரெண்டு இருந்தாக் காட்டுங்க."

சிக்கு ரம்லி அப்படியொரு சிரிப்பு சிரிச்சாரு. நோன்யா அம்மா கைக்குட்டையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் சிக்கு சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கட்டில் பக்கத்துல வந்து, ஒவ்வொரு வரிசையா விரல் வெச்சு எண்ணினாரு. பதினொண்ணு. நட்சத்திரத்தையும் எண்ணினாரு. பதினொண்ணு. காகிதப் பெண்டேராவுல பாதிக்கு மேல கோட்டைத் தப்பா அச்சடிச்சிருக்காங்க, இந்த அம்மா பூவுல சரியா வெச்சிருக்காங்கன்னு கலியாணசுந்தரத்துகிட்ட சொல்லிட்டு மார்க்கை எழுதினாரு. கலியாணசுந்தரமும் எழுதினாரு. பாவம், நல்ல மனுசன்தான். அப்புறமா மூணு பேரும் உக்காந்து நீல இடியாப்பம் சாப்பிட்டாங்க. சாப்பாட்டைக் காட்டிப் பரிசு வாங்கிட்டேன்னு அண்ணி சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. மார்க் போட்ட பிறகுதான் சாப்பிட்டாங்க, பஷீரா சாட்சி.

மறுநாள் சுதந்திர விழாவுல, பண்டார் ஹிலிர் திடல்ல அவ்வளவு சனத்துக்கு முன்னாடி என் பேரைக் கூப்பிட்டாங்க. மிஷினைப் பாத்தேன். கறுப்பு உடம்பு, தங்கக் கோடு, கீழ இரும்பு மிதி. அங்கேயே குனிஞ்சு மிதியை ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன். தேவதாஸ் மூணு சக்கரப் பெச்சா ரிக்ஷா ஒண்ணு பிடிச்சாரு. மிஷினையும் என்னையும் அதுல ஏத்திவிட்டு அவரு சைக்கிள்ல பின்னாடி வந்தாரு.

பெச்சாக்காரரு நேர் வழியில திருப்பினாரு. "அந்தப் பக்கம் வேணாம்," அப்படின்னேன். "பெண்டஹாரா ரோட்டு வழியாப் போங்க. மெதுவாப் போங்க."

பின்னாடி என் வீட்டுக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. அடிச்சுக்கட்டும். ரோடு முழுக்கத் தோரணம், நடுவுல நானும் என் மிஷினும். தெரிஞ்ச கடைக்காரங்க எல்லாம் எழுந்து நின்னு பாத்தாங்க. பூங்காவனம் அண்ணி கடை முன்னாடி அஞ்சடி நடைபாதையில நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்துட்டாங்க. பெச்சாவை நிறுத்தச் சொன்னேன். ரெண்டு வருசமா வாய்க்குள்ள சேத்து வெச்சிருந்த பதில் எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. அண்ணி மிஷினைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அவங்க முகத்துல சிரிப்பு இல்ல. என்னமோ, அத்தனை பதிலும் எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்.

"அண்ணி, இனிமே உங்க வீட்டுக்கு நான் காப்பி குடிக்க மட்டும்தான் வருவேன்."

அண்ணி தன் நாற்காலியை என் பக்கமாத் தள்ளிப் போட்டாங்க.

"இறங்கி வா. சக்கரை எவ்வளவு போடட்டும்?"

கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த வீட்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. பெச்சாக்காரரைக் காத்திருக்கச் சொல்லிட்டு இறங்கினேன். "ரெண்டு கரண்டி"ன்னேன்.