டிக்கர் சொன்ன சாட்சி

1958இல் சிட்னியில் தொலைக்காட்சி நாடகங்களை நேரடியாகவே ஒளிபரப்பினோம். தப்பு நடந்தால் நடந்ததுதான். வீடுகளில் அந்தக் கணமே பார்த்துவிடுவார்கள்.

அன்றைய நாடகத்தில் நான் ஆட்டுப்பண்ணைக்காரி. போருக்குப் போன என் கணவன் தான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். அவன் போலி. வீட்டு நாய் அவனைப் பார்த்து உறுமும். உடனே நான் துப்பாக்கியை நீட்டி விரட்ட வேண்டும். போலியாக நடித்தவர் லிண்ட்சே பர்செல். நாய்க்கு டிக்கர் என்று பெயர். ஒத்திகையில் அழகாக உறுமியது.

கதவைத் திறந்துகொண்டு லிண்ட்சே வந்தார். டிக்கர் பாய்ந்தோடி, அவர் மார்பில் காலை வைத்து முகமெல்லாம் நக்கியது.

"நாய்க்கே உன்ன அடையாளம் தெரியலையே!" என்பது என் அடுத்த வசனம். விழுங்கிக்கொண்டேன். கேமராவுக்குப் பின்னால் ஸ்டுடியோ மேலாளர் மெர்வ் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னும் பதினொரு நிமிடம் ஓட்டியாக வேண்டும்.

"டிக்கருக்கு உன்ன ஞாபகம் இருக்கு போல," என்றேன்.

"இருக்காதா பின்ன?" என்ற லிண்ட்சேவுக்கு அடுத்த நொடியே சந்தேகம் வந்துவிட்டது. "நான்தானே வளத்தேன்?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு மட்டும் தெரியுமா? இவர் இப்போது கணவனா, போலியா? வாலாட்டும் நாய்க்கு எதிரே துப்பாக்கியை எடுத்தால் நான்தான் கொலைகாரியாவேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"நம்ம கல்யாணம் எங்க நடந்துச்சு, சொல்லு பாப்போம்."

"சர்ச்சுல."

"எந்த சர்ச்?"

"மழை பெஞ்சுதே, அந்த சர்ச்."

சிரித்துவிட்டேன். நடிப்பில்லை, நிஜச் சிரிப்பு. அப்படியே மழை, ஆடுகளுக்குக் கம்பளி வெட்டுவது என்று பேசி நேரத்தைத் தள்ளினோம். கடைசியில், "பூட்ஸக் கழட்டு. சாப்பாடு ஆறுது," என்றேன். திரை இருண்டது.

"மத்தியானம் டிக்கருக்கு என் சாசேஜ்ல பாதியக் குடுத்தேன், மெர்வ். மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு," என்றார் லிண்ட்சே.

"நீயெல்லாம் ஒரு வில்லனாடா?" என்று கத்தினார் மெர்வ்.

தொலைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன். புறநகர் பாரமட்டாவிலிருந்து, நாடகம் பார்த்த ஒரு பெண்.

"அவரு நெஜமாவே அவ புருஷன்தானா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கே தெரியலம்மா," என்றேன்.



"எங்க வீட்டுக்காரரு போர்லேருந்து வந்தப்போ அவருதானான்னு எனக்கும் தெரியலம்மா. ஆனா சாப்பாடு போட்டேன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.