நாற்பது எண்ணும்வரை

"அம்மா!" என்று கத்திக்கொண்டு மைதிலி கட்டிலருகே ஓடிவந்தபோது, ரத்தினவேல் உதட்டின்மேல் விரலை வைத்து மகளைச் சும்மா இருக்கச் சொன்னார்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் அவர் மனசுக்குள் ஓடிய எண்ணிக்கை அறுந்தது.

"என்னப்பா பண்றீங்க? அம்மா மூச்சே விடல!"

அப்போதுதான் அவர் அனுசுயாவின் மார்பைப் பார்த்தார். அதுவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலுக்காகச் சாத்தியிருந்த பால்கனிக் கதவின்மேல் அவள் பார்வை நின்றிருந்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவருக்கு நாடகத்தில் தெரிந்தது ஒரே வேலை. மனைவி தானே எழுதி, தனியொருத்தியாக மேடையில் நிற்கும்போது, பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியும் டார்ச்சுமாக உட்கார்ந்திருப்பது, மறந்தால் அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுப்பது. முப்பது வருஷத்தில் அவள் போட்ட நாடகங்களில் ஒன்றைத்தான் ஊர்ஊராகத் திரும்பக் கேட்டார்கள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோடோ ஒரு பெண் பேசுகிறாள். "யாரு, அந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். பதில் வராது. பிரதியில் அந்த இடத்தில் 'நாற்பது' என்று மட்டும் இருக்கும். அவ்வளவும் எண்ணிய பிறகு, "சரி, வரேன்" என்பாள்.

லால்குடியில் ஒருதரம் பொறுக்கமாட்டாமல் இருபத்தைந்திலேயே எடுத்துக்கொடுத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கோபப்படவில்லை.

"அவங்க பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவுல நீங்க புகுந்துட்டீங்க."

"யாரு அனு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பின் அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

இன்று மத்தியானம் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "யாரு, அந்தப் பக்கம்?" என்றாள். படுக்கையில் விழுந்த இரண்டு மாதமாக இப்படி வசனம் சொல்லிப் பார்ப்பது வழக்கம்தான். அவர் எண்ண ஆரம்பித்தார். நாற்பது தாண்டியது. நூறு தாண்டியது. நீட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பிளாக்கிலிருந்து டாக்டர் ஷஹனாஸ் வந்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, இமைகளை மூடினாள்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா?" என்றார் ரத்தினவேல்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினாள். அவர் எண்ணினார். ஏழு.

"பெரிசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது அங்கிள். ஹார்ட் அவ்வளவு வீக்கா இருந்துச்சு."

பெரிசா. மைதிலி அப்பாவைப் பார்த்தாள். மறுநாள் காலை வண்டி வந்து நிற்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியில் அவள் ஏறப்போனபோது ரத்தினவேலின் அக்கா இருசம்மாள் கையைப் பிடித்தாள். "பொம்பளப்புள்ள அங்கெல்லாம் வரக்கூடாதுடி."

"எங்கம்மா மேடையேறினப்பவும் இதேதான் சொன்னீங்க அத்தை."

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஓயாமரி மயானம். தகனமேடையின் இரும்புக் கதவு இறங்கி மூடியது.

"அவ்வளவுதாங்க. வெளிய உக்காருங்க" என்றார் அங்கிருந்தவர்.

எல்லாரும் நகர்ந்தார்கள். ரத்தினவேல் நகரவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மைதிலி திரும்பி வந்தாள்.

"அப்பா, வாங்க."

அவர் விரல் உதட்டுக்குப் போனது.

அவள் நின்றுவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த குரலில் யாரோ விடாமல் பேசுவதுபோல், நெருப்பு இரைந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதுக்குப் பிறகும் அவர் உதடு அசைந்தது.

அடுத்த வசனம் மைதிலிக்கும் மனப்பாடம். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.