பார்ஸ்னிப்புக்கு அளவெடுத்தவர்

தையற்காரர் கடையில் டேப்பால் அளப்பார். வீட்டுக்கு வந்தால் வாயால் அளப்பார். அப்படி அளந்ததில்தான் வம்பு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் அவர் பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கைமுறைத் தோட்டம் போட்டிருந்தார். வைக்கோல், சருகு, காய்த்தோல் எல்லாம் அடுக்கடுக்காக மூடாக்கு. அவருக்கு அது உயிர்; மனைவிக்குக் குப்பைமேடு. துணி உலர்த்த அங்கே சிமெண்ட் தளம் போட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஆறு மாசம் பொறு. எட்டு இன்ச்சுல பார்ஸ்னிப் எடுத்துக் காட்டுறேன். அரை இன்ச் குறைஞ்சாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக்கோ."

பார்ஸ்னிப் என்பது கேரட்டின் வெளிறிப்போன பங்காளி. முளைக்கவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டது, சோம்பேறி. அதற்குப் பிறகு மண்ணைத் தொடாமல் சும்மா இருக்க வேண்டும். பெர்மாகல்ச்சரில் பாதி வேலை சும்மா இருப்பதுதான். அது நம் ஆளுக்கு ஆகிற காரியமா? ட்ரையல் பார்க்காமல் ஒரு சட்டையைக்கூட வெளியே விடாதவர். ஞாயிறுதோறும் நாற்றுகளை நைசாக உருவி, அளந்து, திரும்ப நட்டுவைத்தார். ஏழில் ஆறு, போதுமடா சாமி என்று போய்ச் சேர்ந்தன. ஏழாவது மட்டும் நெஞ்சழுத்தக்காரி.

கெடு நாளன்று அதைப் பிடுங்கினார். வேர் இரண்டாகப் பிளந்து, இடுப்பும் இரண்டு காலுமாக வந்தது. சின்ன வயதில் பிடுங்கிப் பிடுங்கி நட்டால் அது வேறு எப்படி வளரும்?

"வேட்டி கேட்டா பேண்ட் தைச்சுட்டீங்களே," என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. டேப்பை வைத்தார். ஏழரை. எண்ணே சரியில்லை. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் எட்டு வந்துவிடும். ஆனால் டேப்பில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஏழரைதான் இருக்கு. கொத்தனாருக்குச் சொல்லிடு."

அவள் அந்த வேரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே பார்த்திருக்கக் கூடாது, மனசு இளகிவிட்டது.

"பேண்ட்டுன்னா கீழே அரை இன்ச் உள்ளே மடிச்சு விடுவீங்கல்ல?"

"ஆமா, விடுவேன்."

"அப்போ அதையும் பிரிச்சுவிட்டு ஒழுங்கா அளங்க."

தையற்காரர் குனிந்து மறுபடியும் டேப்பை வைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு தப்பான அளவைச் சொன்னார்.

"எட்டு."