சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கண்காட்சி

அரியலூர் கலைக்கூடம் திறந்த நாளிலிருந்தே கீதாஞ்சலியும் அவள் தோழிகளும் சம்பளம் வாங்காமல், ஞாயிறுதோறும் ஊர்ப் பெண்களுக்கு அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். புதிதாக வந்த இயக்குநர் முத்தமிழ்செல்வன் முதல் கூட்டத்திலேயே அதை நிறுத்திவிட்டார்.

“கலைக்கூடம்னா ஒரு தரம் வேணும்மா. கண்டவங்க வந்து கிறுக்குற இடமில்ல இது. இனிமே நீங்களும் வர வேணாம்.”

கீதாஞ்சலிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் வீட்டில் முடங்கிவிடவில்லை. எதிரே இருந்த கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண்கள் வரைந்த படங்களையெல்லாம் அடுத்த ஞாயிறே மாட்டினாள். கரும்பு வெட்டிக்கொண்டே சிரிக்கும் ஒருத்தி, சிமெண்ட் தூசி படிந்த லாரியின் நிழலில் தூங்கும் ஒருத்தி. படங்களைப் பார்க்க திருமானூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். “ஏய், இது நம்ம பாப்பாத்தி போட்டதுடி!” என்று ஒருத்தி கூவினாள். கலைக்கூடம் ஈயாடிக் கிடந்தது.

சாயங்காலம் முத்தமிழ்செல்வன் தானே சாலையைக் கடந்து வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பார்த்தார்.

“தப்பா பேசிட்டேங்க. இதையெல்லாம் நம்ம பெரிய ஹால்ல மாட்டலாங்களா?”

“மாட்டலாம் சார். ஆனா கிளாஸும் அங்கதான் நடக்கும்.”

“தாராளமா நடத்துங்க.”

பெண்கள் போட்ட குலவையில் மண்டபமே அதிர்ந்தது. கீதாஞ்சலியும் சேர்ந்து குலவையிட்டாள். படங்களைச் சுமந்தபடி அவர்கள் சாலையைக் கடந்தபோது, ஜெயங்கொண்டம் பஸ் நின்று வழிவிட்டது.