ஐம்பதாயிரத்துக்கு ஓர் இருக்கை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: விருந்துக் குழுவின் தலைவர் மசஞ்சா, பொருளாளர் வாண்டே, செயலாளர் லுஹெண்டே. கூப்பிடாமல் வந்தவள், மணப்பெண் கபுலா.

பெண்ணை வழியனுப்பும் விருந்துக்கு ஆறு நாள் இருந்தது. விருந்துச் செலவு வருபவர்கள் தலையில்: ஐம்பதாயிரம் ஷில்லிங் கொடுத்தவருக்கு ஓர் அட்டை. அட்டை இல்லாதவர் மண்டப வாசலைத் தாண்ட முடியாது. தினமும் காலையில் லுஹெண்டே வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவான்: சொன்ன தொகை, கொடுத்த தொகை, பாக்கி. நியாமிசியின் பெயருக்கு நேரே ஒரு மாதமாகப் பூஜ்யம்தான்.

நியாமிசி, ஏரிக்கரை ஊரான முவான்சாவின் சந்தையில் கபுலாவோடு ஒரே பலகையில் ஏரிக் கருவாடு விற்பவள். கபுலா டைபாய்டில் கிடந்த இரண்டு மாதமும் அவள் பங்கையும் விற்று, காசை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவள். இப்போது அவள் புருஷன் கால் முறிந்து கிடக்கிறான். நான் கட்டிவிடுகிறேன் என்று கபுலா சொன்னதற்கு, உன் காசிலேயே உன் விருந்துக்கு வருவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அட்டையைச் சும்மா கொடுங்கள் என்று கேட்கத்தான் கபுலா வந்திருந்தாள். மசஞ்சா கையிலிருந்த ஆட்டுக்கறியைக் கீழே வைக்கவில்லை.

"அவளுக்கு விட்டா நாப்பது பேரு வந்து நிப்பான். சோத்துக்குக் காசு ஏரியிலேருந்தா வரும்?"

கபுலா கேட்டாள்.

"சித்தப்பா, மேடையில எம்பக்கத்துல உக்கார்ற தோழிக்கு அட்டை வேணுமா?"

"தோழிக்கு எதுக்குடி அட்டை?"

"அப்ப நியாமிசிதான் தோழி."

தோழியாக உட்காரவிருந்தவள் மசஞ்சாவின் மனைவி வாண்டே. துணி தைத்தாகிவிட்டது என்றாள்.

"கட்டிக்கிட்டுக் கீழ உக்காருங்க சித்தி. அங்கயும் அழகாத்தான் இருக்கும்."

தலைவர் பதவியை விட்டுவிடுவேன் என்று மசஞ்சா மிரட்டினார். விடுங்கள் என்றாள் கபுலா. நியாமிசி பக்கத்தில் இல்லாமல் மேடை ஏறமாட்டேன், காசு கொடுத்த முந்நூறு பேரும் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். அன்று சாயங்காலமே நியாமிசியிடம் போய்ச் சொன்னாள். தோழியாகக் கூப்பிட்டால் மறுக்க வழியில்லை, நியாமிசி சரியென்று தலையாட்டினாள்.

விருந்தன்று நியாமிசி சந்தைக்குக் கட்டும் துணியையே துவைத்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியே வந்தாள். அலங்கார அறையில் வாண்டே புதுத் துணியோடு கபுலாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. இந்தக் கோலத்திலா மேடை ஏறுவாள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நியாமிசி திரும்பிப் போகப் பார்த்தாள். கபுலா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நீங்க காசு கட்டினவங்க. உங்க இருக்கை வெளிய இருக்கு."

வாண்டே எழுந்து போனாள். கபுலா கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, அந்த நாற்காலியில் நியாமிசியை உட்காரவைத்தாள்.